மேல் கட்டத்துப் பச்சை

பாப்பா. பாப்பா.

ஒரு தரம் கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள். இரண்டாவது தரம்தான் "என்னக்கா?" என்பாள். அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்னமும் நான் இரண்டு தரம்தான் கூப்பிடுகிறேன்.

என் தங்கச்சி அவள். வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான். பத்தாவது முடித்தவள். நான் அஞ்சாவதோடு நின்றுவிட்டு, கொஞ்சம் வளர்ந்ததும் மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பி காயில் சுற்றப் போய்விட்டேன். எத்தனை சுற்று என்று மெஷினில் பார்த்துப் பார்த்து நம்பர் எல்லாம் நன்றாகத் தெரியும். இங்கிலீஷ் எழுத்துதான் தெரியாது.

மதுக்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா ஒரு சின்ன ரூம் கட்டினார், எங்கள் இரண்டு பேருக்கும். சிமெண்ட் ஆலைத் தூசி படிந்து ஊரே சாம்பலாக இருக்கிறது, இந்த ஒரு ரூமாவது பச்சையாக இருக்கட்டும் என்று பாப்பாதான் சொன்னாள். டவுன்ஹால் பக்கம் ஒரு பெயிண்ட் கடையில் கலர் அட்டை வாங்கி வந்தாள். அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு பச்சைக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எனக்கு மேல் கட்டம் பிடித்தது. அவளுக்குக் கீழ் கட்டம்.

"ரெண்டும் ஒண்ணுதானே அம்மணி?" என்றார் அப்பா.

"உங்க கண்ணுல சிமெண்டு போயிருச்சுங்கப்பா. அக்கா சொல்றது ஆஸ்பத்திரிப் பச்சை. நான் சொல்றது வாழைக்குருத்து."

"வாழைக்குருத்தா? பாசி புடிச்ச தண்ணித்தொட்டிடி அது."

நாலு நாள் சண்டை. அட்டையை ஜன்னலிடம் கொண்டுபோவோம், டியூப் லைட்டுக்குக் கீழே வைப்போம். கையால் ஒரு கட்டத்தை மூடிவிட்டு மற்றதைப் பார்ப்போம். சில நேரம் எனக்கே எது என்னுடையது என்று குழம்பிவிடும். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அப்பா, "பாப்பா சொல்றதே இருந்துட்டுப் போகட்டும் கண்ணு" என்றார். எப்போதும் அப்படித்தான். அவள் படித்த பிள்ளை.

டிஸ்டெம்பர் வாங்கப் போனது நான். கடையில் மேல் கட்டத்து நம்பரைச் சொன்னேன். ஒரு தடவையாவது நான் சொன்னது நடக்கட்டுமே என்று இருந்தது. பாப்பாவுக்குத் தெரியாமல் இருக்க, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து டப்பாவில் இருந்த நம்பரைக் கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்தேன். அதற்குக் கீழே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. கம்பெனி பேராக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நாங்களும் சேர்ந்தே அடித்தோம். காய்ந்ததும் பாப்பா நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். "பாத்தியாக்கா, என்ற கலரு எப்படி?"

"நல்லாத்தான் இருக்குது" என்றேன். அவள் தன்னுடைய கலர் என்கிறாள், இது என்னுடையது என்று உள்ளுக்குள் சிரிப்பு.

காலி டப்பா குளிக்கிற இடத்துக்குப் போயிற்று. பாப்பா தினமும் அதில்தான் வெந்நீர் விளாவிக் குளிப்பாள். தலையைத் துவட்டிக்கொண்டே ரூமுக்குள் வந்து, "என்ற கலரு எப்படி?" என்பாள். அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. எட்டு மாதம் அப்படியே போனது.

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினோராம் நாள் அவள் இல்லை.

எங்கள் பக்கம் கருமாதிக்கு முன்னால் வீடு முழுக்க வெள்ளையடித்துவிட வேண்டும். பழைய சுவரோடு காரியம் செய்யமாட்டார்கள். "அந்த ரூமுக்கு மட்டும் பச்சைதானுங்கப்பா" என்றேன். அப்பா சரி என்றுவிட்டார். அவள் கேட்ட கலரை ஒரு தரமாவது அந்தச் சுவரில் பூசிவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு. அதுவரை அந்த ரூமில் என்னால் படுக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் சொன்ன பொய்தான் நாலு சுவராக நின்றது.

பெயிண்டர் அண்ணன் வந்தார். அட்டையைக் கொடுத்துக் கீழ் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். சரி என்றுவிட்டு, சுண்ணாம்பு கலக்கக் குளிக்கிற இடத்து டப்பாவை எடுத்து வந்தார்.

"கலரு மாத்தறீங்களாக்கும் அம்மணி? முன்னே அடிச்சது மேல் கட்டமுங்களே."

டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். "உங்களுக்கு எப்படீங்ணா தெரியும்? அதுல நம்பர் இல்லீங்களே."

"நம்பரை எலி சுரண்டிப்போட்டுதாட்ட இருக்குது. எலிக்கு இங்கிலீசு தெரியாது போல, கலரு பேரை உட்டுப்போட்டுது" என்று சிரித்தார்.

அட்டையை டப்பாவோடு ஒட்டி வைத்துக் காட்டினார். மேல் கட்டத்துக்கு அடியில் இருந்த எழுத்தும் டப்பாவில் இருந்த எழுத்தும் ஒன்றே. கோலத்தைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன்.

பாப்பா இங்கிலீஷ் படிப்பாள். எட்டு மாதமும் அதைக் கையில் பிடித்துத்தான் குளித்தாள். தெரிந்துகொண்டேதான் தினமும் என் முகத்தைப் பார்த்து, "என்ற கலரு எப்படி?" என்று கேட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முந்தின சாயங்காலம், சுவரோடு கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். "ஏக்கா, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா?" என்றாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன். அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை.

பெயிண்டர் அண்ணன் பழைய பச்சைக்குப் பக்கத்தில் புதுசைக் கொஞ்சம் பூசினார். ஈரத்தில் தனியாகத் தெரிந்தது. மத்தியானம் காய்ந்ததும் எங்கே பூசினார் என்று அவருக்கே தெரியவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானுங் அம்மணி. இதுக்கா இத்தனை யோசனை?"

"பரவாயில்லீங்ணா. முழுக்க அடிச்சுப்போடுங்க" என்றேன்.

அடித்தாயிற்று. இப்போது அங்கேதான் படுக்கிறேன். பொழுது விடிந்து சுவர் தெரிய ஆரம்பிக்கும்போது இது அவள் கலரா என் கலரா என்று பார்க்கிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் இருந்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். சுவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம்தான் சொல்லவில்லை.

நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, மாதா கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்களோ, எங்கே போனாலும் என் பாப்பாவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் என்மேல் கோபத்தோடு போயிருக்கக் கூடாது.