நாகவல்லியின் மேல் கடைவாய்ப்பல்

நாகவல்லியின் நாக்கு வேலை நேரத்திலும் சும்மா இருப்பதில்லை. மண்ணூர்பேட்டைப் பட்டறையில், டியூப் லைட்டுக்குக் கீழே, இடது கண்ணை இடுக்கிக்கொண்டு வலது கண்ணுக்கு நேரே வாஷரைத் தூக்கிப் பிசிறு பார்ப்பாள். நல்லது ஒரு டப்பா, கெட்டது ஒரு டப்பா. அதற்குள் நாக்கு போய் வலதுபக்க மேல் கடைவாய்ப்பல்லின் குழியை ஒரு துழாவு துழாவிவிடும். வலி தெறிக்கும். மறுபடியும் நாக்கு அங்கேதான் போகும்.

"யக்கா, அத்த கொஞ்ச நேரம் உட்டு வையேன்" என்பாள் பக்கத்தில் வேலை செய்யும் கன்னியம்மா.

"நா எங்கடி புட்சிகினு கீறேன்? அதான் என்ன உட மாட்டேன்துது."

ஓரிடத்தில் உட்காரவும் அவளால் ஆகாது. தண்ணீர் குடிக்க எழுவாள், ஃபேனைத் திருப்ப எழுவாள். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். அதற்காக நடக்காமல் இருக்கிற ஜென்மமா அது? பட்டாபிராமில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கினால், படிக்கட்டின் பாதியில் நின்று, யாரையோ தேடுகிறவள்போல் திரும்பிப் பார்ப்பாள். மூச்சுக்காக நிற்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. அவ்வளவு வீம்பு.

எண்பத்தெட்டாம் வருஷம் அந்த மூச்சு படுக்கவும் விடாமல் போகவே, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றி ஓட்டும் அவள் கணவன் வரதன் சவாரியை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். சின்ன வயதில் முட்டி வீங்கி வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டதாம். ஆபரேஷன் செய்து விரிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து. இவ்வளவும் சொன்ன டாக்டர் கடைசியில் டார்ச்சை எடுத்து வாய்க்குள் அடித்தார். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தோடு போய் வால்வில் ஒட்டிக்கொள்ளும். பல்லைப் பிடுங்கிப் புண் ஆறின பிறகுதான் நெஞ்சில் கை வைப்போம் என்றார்.

"நெஞ்சு வலின்னு போனா வாயத் தொறன்றாங்கோ. வாய் வலின்னு போயிருந்தா இன்னாத்த தொறக்க சொல்லுவாங்கோ?" ரயில் முழுக்க இதே பாட்டுதான். கேலிக்குள்ளே இருந்தது பயம். மேல்பல்லைப் பிடுங்கினால் அந்தப் பக்கத்துக் கண் அவிந்துவிடும் என்பது அவள் தெருவில் எவரும் சந்தேகப்படாத சங்கதி. அவள் பெரியம்மா கெங்கம்மாளுக்கு அப்படித்தான் பார்வை போயிற்று. கெங்கம்மாளுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பிசிறு பார்க்கும் வலது கண் போனால், பட்டறையில் அவளுக்கு என்ன வேலை இருக்கும்?

டாக்டர் சொன்ன கிருமியை அவள் பூச்சி என்று எடுத்துக்கொண்டாள். பூச்சியை எடுக்கப் பல்லை ஏன் பிடுங்க வேண்டும்? நூம்பலில் சொர்ணம் என்றொருத்தி கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, வாய்க்குள் புகை பிடித்துப் பல்பூச்சி எடுப்பவள். கிண்ணத்துத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய் உதிர்ந்ததை நாகவல்லி தன் கண்ணாலேயே பார்த்தாள். அவற்றைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு, சாம்பலும் உப்புமாய் முன்பல்லைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு, மாற்றுப் புடவையோடு ஆஸ்பத்திரிக்கே போய் நின்றாள்.

"எல்லாம் வந்துட்ச்சு சார். நீங்க நெஞ்ச பாருங்கோ."

டாக்டர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. "இது விதை வெடிச்சு வந்த முளைம்மா. கிருமி கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு எங்கண்ண குடுக்கணுமா?"

பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை என்று அவர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவள் ஊசியைக் கண்டதும், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் பஸ் ஏறிவிட்டாள்.

பிறகு ஒருநாள் பட்டரவாக்கம் படிக்கட்டில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. ஆள் சொல்லி ஓடிவந்த வரதனுக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

"ஏம்மே, கண்ணு பூட்டா நா வண்டில வச்சி இட்டுகினு போறேன். நீயே பூட்டா நா இன்னாம்மே பண்றது?"

அவள் அவன் தோளைப் பிடித்து மெதுவாக எழுந்து நின்றாள். அப்புறம், "கண்ணு ரெண்டு கீதுய்யா. நெஞ்சு ஒண்ணுதான் கீது" என்றாள்.

மறுநாள் முதல் பட்டறையில் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பிசிறு பார்க்கப் பழகினாள். நல்லதும் கெட்டதும் டப்பா மாறி விழுந்தன. கன்னியம்மா சத்தமில்லாமல் எடுத்து மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கண்ணுக்கும் ஒருவழியாக வேலை பிடிபட்ட பிறகு, நாகவல்லி தானாகவே பல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

ஊசி போட்டு வாய் மரத்ததும் டாக்டரம்மா குறடைக் கையில் எடுத்தார். நாகவல்லி வாயை அகலத் திறந்தாள். வலது உள்ளங்கையைக் கொண்டுபோய் வலது கண்மேல் வைத்து இறுக்கிப் பொத்திக்கொண்டாள், பல்லோடு அதுவும் வந்துவிடாதபடி.

"கையை எடுங்கம்மா."

எடுக்கவில்லை. இடது கையை மட்டும் ஆட்டி, ம், பிடுங்கு என்று சைகை காட்டினாள்.