கன்னி மூலையில் ஒரு மீன் தொட்டி

கொல்லையில் தங்கமீன் தொட்டி கட்ட ஆசைப்பட்டது நான்தான். மனைவி கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு பல பேரிடம், மனைவிக்காகத்தான் கட்டினேன் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

2007 கோடை. வீடு கடலூரில், ஆபீஸ் சிதம்பரத்தில். போக வர பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் படம் போட்டுக்கொண்டே இருப்பேன். ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம். செங்கல் கட்டி உள்ளே சிமெண்ட் பூச்சு. ஓரத்தில் அல்லிச் செடி வைக்க ஒரு படி. கொல்லையின் வடகிழக்கில் கைபம்பும் வடமேற்கில் செப்டிக் டேங்க்கும் இருந்ததால் தென்மேற்கு மூலையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேதான் மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டு வேப்ப மர நிழல் விழும். சமையலறை ஜன்னலிலிருந்தும் நேராகத் தெரியும்.

கொத்தனார் கயிறு பிடித்து அளந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். "சார், இது கன்னி மூல. இங்க குழி எடுத்தா வூட்டுப் பொம்பளைக்கு ஆவாது. வேற எடம் காட்டுங்க, ரெண்டே நாள்ல முடிச்சித் தரேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவன் நான். "மண்ணுக்கு ஆம்பள, பொம்பள தெரியுமாய்யா?" என்று கேட்டேன். அவர் கரணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி, "வேற எடந்தான் பாக்கலாமேங்க" என்றாள். நான் கடப்பாரையை எடுத்தேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை நானே தோண்டினேன், நானே கட்டினேன். சுவர் கொஞ்சம் கோணல். புதுச் சிமெண்ட்டின் காரம் மீனுக்கு ஆகாது என்று சிதம்பரத்தில் மீன் விற்கும் கடைக்காரர் சொன்னபடி, வாழைத் தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, தண்ணீரை மூன்று தடவை இறைத்துக் கொட்டினேன். அதன் பிறகு பன்னிரண்டு தங்கமீன்களைப் பாலிதீன் பையில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். காக்கைக்கும் மீன்கொத்திக்கும் பயந்து மேலே வலை கட்டினேன். ஒன்றுகூடச் சாகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அரிசி களையும்போது மனைவியும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அவள் மார்பில் கட்டி என்றார்கள். பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. ஆபரேஷன், அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி மருந்து. தலைமுடி கொத்துக் கொத்தாகப் போனது. குமராட்சியிலிருந்து அவள் தம்பி வந்தான். அக்காவைப் பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போனவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மாமா, கோச்சிக்காதீங்க. ஊர்ல எல்லாரும் அந்தக் குழியத்தான் சொல்றாங்க. மூடிடுங்க மாமா. நானே மண்ணு கொண்டாந்து கொட்டறேன்."

"ஊர்க்காரன் எவனாவது டாக்டருக்குப் படிச்சிருக்கானா மச்சான்?" என்று கத்தினேன். அதோடு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது ஊசி போட்டு வந்த வாரம் அவளே கேட்டாள். சாப்பிட்டது எதுவும் தங்காமல் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். "என்னாங்க, அத மூடிடலாமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன். செல் என்றால் என்ன, அது எப்படிக் கட்டுக்கடங்காமல் பெருகும், இரண்டரை அடிக் குழிக்கும் அதற்கும் ஏன் சம்பந்தமே இருக்க முடியாது என்று கால் மணி நேரம் பேசினேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க" என்று எழுந்து உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து சமையலறை ஜன்னலைச் சாத்திவைத்தே சமைத்தாள். தாளிக்கும் புகையில் இருமி இருமிக் கண் சிவந்துவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், அவள் வாய் திறந்து இன்னொரு தடவை கேட்கட்டும் என்று வீம்பாக இருந்தேன். அவள் கேட்கவில்லை. 2009 பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகும் நான் தொட்டியை மூடவில்லை. மூடினால் கொத்தனார் சொன்னதும் ஊர் சொன்னதும் உண்மை என்று ஆகிவிடும் அல்லவா! ஆபீஸ் விட்டு வந்ததும் மீனுக்குத் தீனி போட்டேன், பாசி தேய்த்தேன். எல்லாம் வீராப்பு.

ஜூலையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகியும் விடவில்லை. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். என் தங்கையை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு, மாற்றுத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். துணியைப் பையில் வைத்தது நினைவிருக்கிறது. அடுத்தாற்போல் கொல்லையில் கடப்பாரையோடு நின்றது நினைவிருக்கிறது. மீன்களை வாளியில் அள்ளிப் போட்டேன். சுவரை இடித்து உள்ளே தள்ளி, தோண்டிய அன்றிலிருந்து வேலியோரம் குவிந்துகிடந்த மண்ணை வாரி வாரிக் கொட்டி மிதித்தேன். யாரிடம் என்று தெரியாமல், அவளை விட்டுடு, அவளை விட்டுடு என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம்தான் ஆயிற்று.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் காய்ச்சல். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கால் கழுவக் கொல்லைக்குப் போன மகள், மூலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். புது மண் இன்னும் காயவில்லை. நான் பின்னால் போய் நின்றேன்.

"எனக்கு ஒடம்பு முடியலன்னு மூடினியாப்பா?"

ஆமாம் என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "அம்மா கேட்டுச்சே" என்றாள்.