ஜப்பான் ரம்பங்களும் சா டாக்டர் சொன்ன பொய்யும்

1. முதல் பலி

நான் வாங்கிய முதல் ஜப்பான் ரம்பத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கொன்றேன். வேண்டுமென்றே அல்ல, மிகுந்த அக்கறையோடு.

எழுபதுகளின் நடுவில், மலாய் நாட்டு ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் ஒரு பலகை மில்லில் எனக்கு சா டாக்டர், அதாவது ரம்ப வைத்தியர், வேலை. மில்லில் சக்கரத்தில் ஓடுகிற பட்டை ரம்பமான பேண்ட் சா பிளேடுக்குப் பல் தீட்டுவது, பற்களை இடமும் வலமுமாக வளைத்து செட் வைப்பது, கோணிப்போன பிளேடைச் சுத்தியலால் தட்டி நேராக்குவது, இவைதான் என் வைத்தியம். என் மாமியார் சொந்தக்காரர்களிடம் “மருமவன் டாக்டரு” என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வார். ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் முட்டிவலி என்று வேட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டார். எண்ணெய் போடச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

அந்தக் காலத்தில் ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த ரம்பம் கிடைத்தது. காகிதம் மாதிரி மெல்லிய தகடு, பிரம்பு சுற்றிய நீளமான பிடி. வீட்டில் வைத்துப் பார்த்தால் பற்கள் எல்லாம் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. நம் ரம்பத்தில் பல் முனையைப் பார்த்துத்தானே இருக்கும்? எவனோ ஒரு அரைகுறை பல்லைத் தலைகீழாக வெட்டிவிட்டான் என்று முடிவு செய்தேன். பேண்ட் சாவுக்கே வைத்தியம் பார்ப்பவனுக்கு இது என்ன பெரிய வேலை? பழைய பல்லை முழுக்க அராவி எடுத்துவிட்டு, புதுப் பல்லை ‘சரியான’ திசையில் வெட்டினேன். மூன்றாவது ஞாயிறு ஒரு பலகையில் வைத்துத் தள்ளினேன். தகடு அப்பளம் மாதிரி மடிந்தது.

ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது வெட்டுகிற ரம்பம் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இழுக்கிற ரம்பத்துக்குத் தடிப்பு தேவையில்லை. அதனால்தான் அத்தனை மெல்லிசு. உலகத்தில் எல்லாரும் என்னைப் போலத்தான் தள்ளுவார்கள் என்று நினைத்தது என் தப்பு.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் சேர்க்கத் தொடங்கினேன். பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம், செமோர் பக்கம், தோட்டம் தோட்டமாகப் போய் விசாரித்தேன். சண்டையின்போது ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் வந்து தங்கிப்போன ரம்பங்கள் பழைய தச்சர்கள் வீட்டில் அங்கங்கே இருந்தன. நான்கு வருஷத்தில் எட்டு சேர்ந்தன. என் மனைவி சரோஜா அவற்றைச் ‘சக்களத்திங்க’ என்பாள்.

2. மாவுச் சாக்கில் வந்தது

ஒரு நாள் மில் கேட்டில் முனியாண்டி அண்ணன் வந்து நின்றார். செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கையில் கோதுமை மாவுச் சாக்கில் சுற்றிய ஒன்று.

“தம்பி, ஜப்பான் ரம்பத்துக்கு வைத்தியம் பாக்குற ஆளு நீதானாமே?”

சாக்கைப் பிரித்தார். இரண்டு பக்கமும் பல் உள்ள ரம்பம். ஒரு பக்கம் மரத்தை நீளவாட்டில் கிழிக்க, மறுபக்கம் குறுக்கே அறுக்க. பிடிக்குக் கிட்டே, செய்த கொல்லன் உளியால் வெட்டிய நான்கு ஜப்பான் எழுத்துகள். என்னிடம் இருந்த எட்டில் ஒன்றில்கூட இவ்வளவு தெளிவான எழுத்து கிடையாது. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“இது எங்கேருந்துண்ணே?”

“ஜப்பான்காரனுங்க சயாம் ரயிலு போட எங்கள புடிச்சிட்டுப் போனானுங்கல்ல? அங்க பாலத்துக்கு மரம் வெட்டுனது. சண்டை முடிஞ்சி எல்லாம் போட்டது போட்டபடி கெடந்துச்சி. நான் இத எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

“அவனுங்க மேல கோவம் இல்லையாண்ணே?”

“கோவம் அவனுங்க மேல. ரம்பம் என்னா செஞ்சிச்சி?”

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். செமோரில் ஒரு துண்டு நிலத்தில் சொந்தமாகப் பலகை வீடு கட்டுகிறார். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வாசல் நிலை வைக்க நாள் பார்த்தாயிற்று.

“சயாம்ல வெட்டுனேன், அது ரயிலுக்கு. தோட்டத்துல முப்பது வருசம் வெட்டுனேன், அது தொரை வீட்டுக்கும் லயத்துக்கும். ஒரு நிலையாவது எனக்குன்னு இதுல வெட்டிரணும் தம்பி. பல்லு மழுங்கிப் போச்சி. பாத்துக் குடுலா.”

பற்களைப் பார்த்தேன். மழுங்கித்தான் இருந்தன, ஆனால் இரும்பு தங்கம். தீட்டினால் இன்னும் முப்பது வருஷம் ஓடும். இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

“ரோசாக் ஆயிருச்சிண்ணே” என்றேன். “இரும்பு செத்துப்போச்சி. தீட்டுனா பல்லு உதிர்ந்துரும். வேணும்னா என்கிட்ட புதுசா ஒரு இங்கிலீஸ்காரன் ரம்பம் இருக்கு, அத எடுத்துக்குங்க. இத நான் வச்சிக்கிறேன்.”

அவர் என்னோடு வாதாடியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“டாக்டரே சொல்லிட்ட, அப்புறம் என்னா” என்றார். புது ரம்பத்தை வாங்கிக்கொண்டார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். பழைய ரம்பத்தைச் சட்டை நுனியால் துடைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, என் கையில் கொடுத்தார். “வீசிராத தம்பி” என்றார். பஸ்ஸுக்கு நடந்தார்.

3. சரோஜா கேட்டது

வீட்டுச் சுவரில் அதற்கென்று தனி ஆணி அடித்தேன். மாட்டுவதற்கு முன்னால் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தகட்டில் பூசிக்கொண்டிருந்தேன். சரோஜா வெங்காயம் உரித்தபடி பார்த்தாள்.

“ஒன்பதாவதா? எப்படிக் கெடச்சிச்சி?”

இரும்பு செத்துப்போன கதையை அவளிடமும் சொன்னேன்.

“அப்ப இது செத்துப்போச்சி?”

“ஆமா.”

“செத்ததுக்கு எதுக்குங்க எண்ணெ?”

அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துணியைக் கீழே வைத்தேன். ஆணியைப் பிடுங்கினேன்.

4. தீட்டியது

ஜப்பான் பல் ஒல்லியாக, உயரமாக இருக்கும். குறுக்கே அறுக்கிற பல்லில் மூன்று முகம். நம் முக்கோண அரம் அந்த இடுக்கில் இறங்காது. பழைய அரங்களை கிரைண்டிங் வீலில் பிடித்துக் கத்தி மாதிரி மெல்லிசாக்கினேன். இரண்டு உடைந்தன, மூன்றாவது நின்றது. அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு நேரம் எல்லாம் அந்தப் பற்களோடுதான். ஒவ்வொரு பல்லுக்கும் மூச்சைப் பிடித்தேன். செட் வைக்கிறபோது கொஞ்சம் அழுத்தினாலும் பல் ஒடிந்துவிடும். ஒன்று ஒடிந்தால் நான் சொன்ன பொய் உண்மையாகிவிடும். அது ஒரு வழியில் எனக்கு வசதி என்பதும் புத்தியில் ஓடியது. அதை மறைக்கப் போவதில்லை.

மில் முதலாளி தவுக்கே வந்து எட்டிப் பார்த்தார். கை ரம்பம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். “பேண்ட் சா அங்கே காத்திருக்கு, நீ பொம்மைக்குப் பல் தேய்க்கிறே” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு பல்லும் ஒடியவில்லை.

5. மெராந்தி மேல் உட்கார்ந்தது

நிலை வைப்பதற்கு முந்தைய ஞாயிறு செமோருக்கு பஸ் ஏறினேன். பாதி கட்டிய வீட்டின் முன்னால் முனியாண்டி அண்ணன் குந்தியிருந்தார். பக்கத்தில் நிலைக்கு வாங்கிய மெராந்தி மரக் கட்டை ஒன்று பாழாய்க் கிடந்தது. நிலைக்காலின் நுனியில், மேல்கட்டைத் துளைக்குள் போய் உட்கார வேண்டிய கழுந்தை அறுக்கும்போது கோடு விலகிவிட்டிருந்தது. நான் கொடுத்த இங்கிலீஷ் ரம்பத்தின் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்துப் பழகிய கை, தள்ளச் சொன்னால் என்ன செய்யும்?

“வா தம்பி. இன்னும் ஒரு கட்டதான் மிச்சம். இதுவும் போச்சின்னா கடையில ரெடிமேட் நிலை வாங்கி நிறுத்த வேண்டியதுதான்” என்றார்.

மாவுச் சாக்கை நீட்டினேன். “அண்ணே, ரம்பம் சாவல. நான் பொய் சொன்னேன்.”

அவர் சாக்கைப் பிரித்து, ரம்பத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பற்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். கட்டை விரலால் தடவினார். என்னைப் பார்க்கவேயில்லை.

“எதுக்குச் சொன்ன?”

“செவுத்துல மாட்ட.”

“செவுத்துலயா?” என்றார். ரம்பத்தைத் திருப்பி மறுபக்கப் பற்களைப் பார்த்தார். நான் அடியையோ கெட்ட வார்த்தையையோ எதிர்பார்த்து நின்றேன். இரண்டும் இல்லாதது பெரிய கஷ்டம்.

உள்ளே இருந்து அவர் மனைவி அஞ்சலை அக்காதான் குரல் கொடுத்தார். “திட்டுறதுன்னா திட்டிட்டு வேலையப் பாருங்களேன். வெயிலு ஏறுது. அந்த ஆளும் பஸ் ஏறி வந்து ஒத்துக்கிட்டாருல்ல.”

முனியாண்டி அண்ணன் கடைசிக் கட்டையைத் தாழ்வான முட்டின் மேல் வைத்தார். “ஏறி உக்காரு” என்றார் என்னிடம். “நீ சொன்ன பொய்யோட கனத்துக்கு மரம் அசையாது.”

உட்கார்ந்தேன். அவர் கோட்டில் பல்லை வைத்து இழுத்தார். சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மரத்தூள் அவர் பக்கமாகவே வந்து விழுந்தது. கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. நான்கு பக்கமும் அறுத்து முடித்து, கழுந்தை மேல்கட்டைத் துளையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே போய் உட்கார்ந்தது.

அவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பு எனக்கானது அல்ல. அந்தக் கட்டைக்கானது. இருந்தாலும் பக்கத்தில் இருந்து பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.

“அக்காகிட்ட கோப்பி வாங்கிக் குடி. வெள்ளிக்கெழம வந்துரு. நிலையத் தூக்க ஆளு வேணும்” என்றார்.

வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு சொன்னேன். மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு நிலையை நிறுத்தினார்கள். இடது நிலைக்காலைத் தாங்கி என் தோள் இருந்தது.

6. நான் கற்றுக்கொண்டது

அதற்குப் பிறகு தனக்குத் தெரிந்த தச்சர்களையெல்லாம் முனியாண்டி அண்ணன் என்னிடம் அனுப்பினார். என்ன சொல்லி அனுப்புவார் என்பதை அவர்களே என்னிடம் சொல்லிச் சிரிப்பார்கள்: “பல்லுக்கு நல்ல டாக்டரு. ஆனா வேல முடிஞ்சதும் ரம்பத்த மறக்காம வாங்கிட்டு வந்துருங்க.” இதைவிட நல்ல சர்ட்டிபிகேட் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

இன்று என் சுவரில் பதினேழு இருக்கின்றன. எல்லாம் வேலை முடிந்து, சொந்தக்காரர்கள் தாங்களாகவே கொடுத்தவை. இப்போது சேர்க்க வருகிற இளைஞர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: எழுத்து இருக்கிறதா, எத்தனை வருஷம் ஆனது என்று கேட்பதற்கு முன்னால், இதில் இன்னும் என்ன அறுக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் இருந்தால் தீட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதில் எது உசத்தி என்று வருகிறவர்கள் கேட்பதுண்டு. அது இங்கே இல்லை, செமோரில் இருக்கிறது. பேத்திக்குத் தொட்டில் செய்ய வேண்டும் என்று போன மாதம்தான், எழுபதைத் தாண்டிய முனியாண்டி அண்ணன் எடுத்து வந்தார். தீட்டினேன். வாசல் வரை போய்க் கையில் கொடுத்தேன்.