உண்மையாகவே காய்ச்சல் வந்தவள்

சுகயீன விடுமுறைப் போராட்டத்துக்குப் போகும் அம்மாவிடம் ஐந்து வயது மகள் "என்ன நோய்?" என்று கேட்டால், என்ன பதில் சொல்வது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தியைத் தொலைவில் இருக்கும் மொனராகலைக்கு மாற்றிவிட்டார்கள். அதை எதிர்த்து நாளை எங்கள் எல்லோருக்கும் சுகமில்லை. சங்கத்தின் செய்தி கைபேசியில் வந்ததும் என் கணவர், "காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவிக்கவா?" என்றார். கேலிதான். ஆனால் அவித்தும்விட்டார். வாசம் பிடித்து வந்த மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடவே இல்லையேம்மா?"

கொத்தமல்லி எனக்குத் தொழிற்சங்கத்தின் வாசம். பதுளையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் என் முதல் சுகயீன விடுமுறை வந்தது. வேலைநிறுத்தம் என்றால் சம்பளம் வெட்டுவார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே நாளில் நோய் வரும். மேலதிகாரிக்கும் தெரியும், அமைச்சருக்கும் தெரியும். நான்தான் பொய் சொல்லி லீவு எடுக்கக் கூடாதென்று வளர்ந்தவள். சங்கத்தையும் கைவிடக் கூடாது, அரசாங்கத்தையும் ஏமாற்றக் கூடாது. ஆகவே முதல்நாள் மாலை, மழைக் குளிரில், தலையோடு பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அசல் காய்ச்சல். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். காவலாளி மட்டும் திடமாக நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், நர்ஸ் யாருக்கும் இன்னைக்கி சொகமில்லைங்க மிஸ். நாளைக்கி வாங்க."

பின்னேரம் எங்கள் சங்கக் கிளைச் செயலாளர் ராஜு அண்ணன் வீட்டுக்கு வந்தார். பூனாகலைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். கோஷம் சிங்களத்தில் போடுவார், திட்டு மட்டும் தமிழில்.

"என்ன தங்கச்சி, ஊர்வலத்துல காணோம்?"

"சொகமில்லைண்ணே."

"நம்ம எல்லாருக்குந்தான் சொகமில்ல! அதுக்காக ஊர்வலத்துக்கு வராம இருப்பாங்களா?"

நெற்றியைத் தொட்டதும் பதறிப்போனார். "அட, நெசமாவே காய்ச்சலா! வெளிய சொல்லிடாதம்மா, சங்கத்துக்கே அவமானம்." பிறகு அவரே இஞ்சி தட்டிப்போட்டுக் கொத்தமல்லி அவித்துத் தந்தார்.

மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் மொனராகலை மாற்றம் வந்தது. மாகாண அலுவலகத்தில் நான் போய் நின்றால் "பிறகு வாங்க" என்பார்கள். ராஜு அண்ணன் போனால் நாற்காலி போடுவார்கள். அவர் போன அன்று மாலையே மாற்றம் ரத்தானது. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ஒன்னும் பேசலம்மா. லேசா இருமுனேன்."

எனக்குப் பதிலாக மொனராகலைக்குப் போனவர் எந்தச் சங்கத்திலும் இல்லாதவராம். அது இடைக்கிடை நெஞ்சில் நெருடும்.

ராஜு அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது ஊர்வலமும் இல்லை, கோஷமும் இல்லை. கைபேசியில் கட்டைவிரல் படத்தை அனுப்பினால் போராட்டம் முடிந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க யாரும் வருவதில்லை.

மகள்தான் தொடுகிறாள். ஆசிரியர் சங்கமும் சேர்ந்துகொண்டதால் அவளுடைய டீச்சருக்கும் நாளை சுகமில்லையாம். "எல்லாருக்கும் ஒரே காய்ச்சலாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தன் சின்னப் போர்வையை எனக்குப் போர்த்திவிட்டாள்.

அந்தக் கைக்குழந்தைக்காரியை விட்டுவிட என்னால் முடியாது. மகளிடம் பொய் சொல்லவும் வாய் வரவில்லை. குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் இருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது, நான் அதைத் தலையில் ஊற்றிக்கொள்வதற்குள், ஒரு நல்ல யோசனை சொல்லுங்களேன்.