நோய்க்கு இஸ்திரி போட்டேன்

செவ்வாய்க்கிழமை காலை மணி பத்து இருபதுக்கு என் மகள் ஒரு பொய் சொன்னாள்.

நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்கிறீர்களா? சமூகநல அலுவலகத்தில் அதிகாரியின் தலைக்கு மேல் ஒரு பெரிய சுவர்க்கடிகாரம். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சொந்தமாகக் குளிக்க முடியுமா?" மலாயில் கேட்டார்.

"போலே," என்றாள் ஷாமினி. முடியும்.

"சமைக்க?"

"போலே."

"தனியாக பஸ் ஏறிப் போக?"

"போலே."

ஒவ்வொரு பதிலுக்கும் பாரத்தில், அதாவது கேள்விப் படிவத்தில், ஒரு டிக். நல்ல மனிதர்தான். சிரித்த முகம். ஆனால் அந்த டிக்குகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் என் சமையல் கூத்துகளைப் படித்துச் சிரிப்பீர்கள். இந்த வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். பெயரை மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன்.

ஷாமினிக்கு இருபத்து நான்கு வயது. பத்தொன்பதில் வந்தது இந்த மனநோய். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். மருந்தில் குரல்கள் அடங்கின. ஆனால் பல நாள் அவளால் படுக்கையை விட்டே எழ முடியாது. மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறது. அதை வைத்து மாதம் ஓர் உதவித்தொகை வருகிறது. அது வருவதால்தான் கிளினிக் வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு மீதி நேரம் அவளோடு இருக்கிறேன்.

அது நின்றுவிட்டால்? நான் முழு நாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அவள் வீட்டில் தனியாக...

போன வருடம் ஒரு மத்தியானம், மூன்றே மணி நேரம், தனியாக விட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றாள். எழுதவில்லை.

மறுமதிப்பீட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது நான் என்ன செய்திருக்க வேண்டும்? நாலு நாளாகக் குளிக்காத பெண்ணை, சிக்குப் பிடித்த தலையோடு, அப்படியே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

செய்தேனா?

விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கெஞ்சிக் குளிக்க வைத்தேன். எண்ணெய் தடவித் தலை பின்னினேன். வெளிர்நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலருக்கு மட்டும் இரண்டு தடவை. "ஆபீஸர் கேட்டா மரியாதையா பதில் சொல்லும்மா. தலையக் குனிஞ்சிக்காத" என்று பாடம் வேறு!

ஏன் இப்படிச் செய்தேன்? ஒரு வாரமாக இதைத்தான் யோசிக்கிறேன். ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். விடியற்காலையில் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதுவார்கள். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் எங்கள் பெண்கள் தலையை வாரிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். துவண்டு நின்றால் வேலை வாங்கும் தண்டல் அன்றைக்குப் பெயர் எழுத மாட்டார். இன்று அங்கே ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. நாங்கள் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. அதிகாரியைக் கண்டதும் நிமிரும் முதுகு மட்டும் கூடவே வந்துவிட்டது.

அங்கே நிமிர்ந்து நின்றவருக்கு வேலை கிடைத்தது. இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தால் இருப்பதும் போய்விடும். இது எனக்கு உறைத்தபோது மணி பத்தரை ஆகியிருந்தது.

அதிகாரி பாரத்தைப் புரட்டினார். "நம்பாக் ஓகே, புவான்," என்றார். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள், அம்மா என்று அர்த்தம்.

பயந்துவிட்டேன். பயத்தில் இரண்டாவது தப்பைச் செய்தேன்.

எல்லாவற்றையும் கொட்டினேன். குளிக்காத நாட்கள். நாக்குக்கு அடியில் ஒளிக்கும் மாத்திரை. விஷம் இருக்கிறது என்று முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடும் சோறு. கழற்றிப் போட்ட தாழ்ப்பாள்கள். அந்த மத்தியானம். கடைசியில், "இவளால எதுவும் முடியாது சார், எதுவுமே முடியாது" என்றேன்.

அவள் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

இஸ்திரி போட்ட காலரை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

மருத்துவரின் கடிதத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்றார் அதிகாரி. எதிர்ச்சாரியில் கடை. "இங்கேயே இரும்மா, வந்துடுறேன்" என்று சொல்லி அவளைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். கடையில் எனக்கு முன்னால் ஒருவர் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு நிதானமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தார்.

நின்ற நேரத்தில் அந்தப் பாரத்தை எழுதியவர்களை மனதுக்குள் திட்டினேன். முடியும், முடியாது என்று இரண்டு கட்டம் வைத்தீர்கள், சரி. 'எந்த நாளில்?' என்று கேட்க ஒரு கட்டம் வைத்தீர்களா? கால் உடைந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். திங்கட்கிழமை முடிந்தது செவ்வாய்க்கிழமை முடியாமல் போவதை எந்த மெஷின் காட்டும்?

திரும்பி வந்தேன். நாற்காலி காலி.

கழிவறையில் இல்லை. மாடிப்படியில் இல்லை. அவளுடைய போன் என் கைப்பையில்! வாசலில் இருந்த காவலாளி நம்மவர். அவரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன்.

"வெள்ளைப் பூப்போட்ட பையி, நீலச் சட்ட... அந்தப் பாப்பாவா? இப்பதான்க்கா வெளிய போச்சு."

"ஏன் விட்டீங்க?"

"நான் என்னக்கா கண்டேன்? நீட்டா, டீசன்டா இருந்துச்சு. பேங்குல வேல செய்ற புள்ள மாதிரி. சுகமில்லாத புள்ளன்னு யாரு நெனைப்பா?"

ஈப்போவில் ஈயம் தோண்டி விட்டுப்போன ஆழமான குட்டைகள் எத்தனை இருக்கின்றன தெரியுமா? இத்தனை வருடம் அவற்றைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று அந்த வாசலில் நின்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அப்புறம் ரயில் பாதை. அப்புறம் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அடியில் இருக்கும் பள்ளங்கள். தாயின் மூளை இப்படியெல்லாம் வரைபடம் போடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு செல்வம் அண்ணனுக்குப் போன் செய்தேன். வாடகைக் கார் ஓட்டுபவர்.

"அண்ணே... ஷாமினியக் காணோம்."

"எங்க நிக்கிற தங்கச்சி? ஆபீஸ் வாசல்தானே? அங்கயே இரு. நகராத லா! நீயும் காணாமப் போனா நான் யாரத் தேடுறது? வாரேன்."

நின்றேன். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. அண்ணன் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் செய்து, "இன்னும் இல்ல தங்கச்சி" என்றார். காவலாளி தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். என்னால் உட்கார முடியவில்லை. கையில் அந்த நகல் கசங்கிக்கொண்டிருந்தது. 'இவளால் எதுவுமே முடியாது' என்று அவள் காதுபடச் சொல்லியிருந்தேன். அவள் கடைசியாக என்னிடமிருந்து கேட்ட வார்த்தை அதுவாக இருந்துவிட்டால்?

ஒன்றே காலுக்கு அண்ணனின் கார் வந்து நின்றது. பின்கதவு திறந்தது.

ஷாமினி. சட்டை முழுக்க வியர்வை. பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது. இறுக்கி மூடிய கையில் பஸ்ஸுக்கான சில்லறை.

"ரெண்டு சிக்னல் தள்ளி, பஸ் ஸ்டாப்ல ஒக்காந்திருந்துச்சு," என்றார் அண்ணன். "மூணு தடவ அதே ரோட்டுல போனேன் தங்கச்சி. இப்படித் தலை சீவி, சட்ட போட்டு நான் பாத்ததே இல்லையா... யாரோ வேலைக்குப் போற புள்ளன்னு தாண்டிப் போயிட்டேன் லா."

கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் விலகி அலுவலகக் கதவைப் பார்த்தாள்.

"தனியா பஸ் ஏறிக் காட்டலாம்னு போனேன். நாலு பஸ் வந்துச்சும்மா. ஒண்ணுலயும் ஏற முடியல. போலேன்னு சொன்னது பொய்... நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே உள்ள போயி அந்த சார்கிட்ட சொல்றேன்."