சித்தியின் மாப்பிள்ளைக்கு வைத்த பரீட்சை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் ஊரில் என்னைவிடப் புத்திசாலி யாரும் கிடையாது. இதை நானாகச் சொல்லவில்லை. வினாடி வினாவில் முதல் பரிசாகக் கொடுத்த டிபன் பாக்ஸ் சொன்னது. அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். போன இடத்திலெல்லாம் ஒரு கணக்கும் கேட்டு வைத்தேன். பிறகு என் தலை தெரிந்தாலே பலர் அடுப்பில் வேலை இருப்பதாக உள்ளே போய்விடுவார்கள்.

அந்த வருஷம்தான் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சித்தி அம்மாவின் தங்கை. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, எங்கள் வீட்டில் இருந்தபடியே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "ஒனக்கு எப்பிடித்தான்டி ஆளு வேணும்?" என்று கேட்டாள். "அழகு கிழகெல்லாம் வேணாம்க்கா. விவரமான ஆளா இருந்தாப் போதும்" என்றாள் சித்தி.

விவரமான ஆளா என்று சோதித்துச் சொல்ல அந்த வீட்டில் என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்? யாரும் கேட்காமலே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

மூன்றாவது மாப்பிள்ளை கம்பத்தில் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். சுற்றுப்பட்டுத் திராட்சைத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தன் அப்பா அம்மாவையும், சிநேகிதர் ஒருவரையும், ஒரு கூடை பன்னீர் திராட்சையையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சித்தி காபி கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

"ஒங்ககிட்ட ஒரு கணக்குக் கேக்கட்டா?"

அம்மா என்னைக் கண்ணாலேயே எரித்தாள். மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கேளு ஆத்தா" என்றார்.

"முப்பது அடிக் கெணறு. அடியில ஒரு தவளை கெடக்கு. பகல்ல மூணடி ஏறும், ராத்திரி ரெண்டடி சறுக்கிரும். எத்தனாவது நாளு வெளிய வரும்?"

அவர் மோவாயைத் தடவினார். "படிக்கட்டு இல்லாத கெணறா?"

"ஆமா."

"மோட்டார் பைப்பு எறங்கியிருக்குமே, அதப் புடிச்சு ஏறிக்கிடலாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பைப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது, விடையைச் சொல்லுங்கள் என்று கறாராகச் சொன்னேன். அவர் விரல்களை மடக்கி நீட்டிவிட்டு வாயைத் திறந்தார். அதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை.

"தெரியலைல்ல? நானே சொல்லட்டா? ஒரு நாளைக்கு ஒரு அடி, அப்ப முப்பது நாளு!"

"ஏலே, இருபத்தெட்டு..." என்று ஆரம்பித்த சிநேகிதர் "ஆ!" என்று நிறுத்தினார். மாப்பிள்ளை அவர் காலை மிதித்ததை நான் பார்த்தேன். மிதித்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். "அடேயப்பா! நீ சொல்லித்தான் ஆத்தா எனக்குத் தெரியுது."

கதவுக்குப் பின்னால் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. அவருடைய முட்டாள்தனத்தை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அம்மாவிடம் சம்மதம் சொல்லிவிட்டாள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சித்தி, அவருக்கு ஒண்ணுமே தெரியல!"

"பாத்துக்கிட்டுத்தான்டி இருந்தேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று. இரண்டு ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். மூன்றாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் சித்தியின் வாழ்க்கை போன பாவம் என்னைத்தான் சேரும். பூசை முடிந்ததும் நேராகச் சாமியார் பங்களாவுக்கு ஓடினேன்.

"சாமி, எனக்கு ஒரு தடை தெரியும்."

சாமியார் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து, என்ன தடை என்று மெதுவாகக் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு அறிவு இல்ல சாமி."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அது தடையில சேராது ஆத்தா. சேத்தா இந்த ஊர்ல ஒரு கல்யாணமும் நான் பண்ணி வைக்க முடியாது."

விடுவேனா? தவளைக் கணக்கை முழுக்கச் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் கிணறு வரைந்து ஏதோ எழுதிப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, நீ முப்பது என்றதும் மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டார்.

"நீ சொல்லித்தான் தெரியுதுன்னாக. கூட வந்தவரு இருபத்தெட்டுன்னு தப்பாச் சொன்னாக. அவரு கால இவரு மிதிச்சுட்டாக."

சாமியார் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இரண்டு பிஸ்கட்டை என் கையில் கொடுத்து, "போ, வீட்டுக்கு ஓடு. ஒங்க சித்தி நல்லாருப்பா" என்றார். இவருக்கும் கணக்கு வராது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

அந்தத் தவளையைப் பிறகு நான் தேனியில் பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போன இடத்தில் பார்த்தேன். வாத்தியார் போர்டில் கிணறு வரைந்து விளக்கினார். இருபத்தேழு நாளில் அது இருபத்தேழு அடி ஏறியிருக்கும். மறுநாள் பகலில் மூன்று அடி ஏறினால் வெளியே வந்துவிடும். வந்த பிறகு சறுக்க என்ன இருக்கிறது? விடை இருபத்தெட்டு. எனக்குக் காது இரண்டும் சுட்டது. வெட்கம் தாங்கவில்லை; அப்புறம் சிரிப்பும் தாங்காமல் சத்தம் போட்டுச் சிரித்து, வகுப்பைவிட்டு வெளியே அனுப்பப்பட்டேன். அப்படியே கம்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

சித்தப்பா கடையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தவளைக்கு விடை தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்தவர், "எந்தத் தவளை ஆத்தா?" என்றார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

அவர்களுடைய கல்யாண போட்டோ ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் சித்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிற்கிறேன். சித்தியோ பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறாள். இத்தனை கணக்குப் படித்துவிட்டு ஒரு மக்குக்கு வாக்கப்பட்டவள் எதற்காக இப்படிச் சிரிக்கிறாள் என்று அன்று பூசை முழுக்க யோசித்தேன். ஊரிலேயே பெரிய புத்திசாலியான எனக்கு அந்த ஒன்றுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.