மதிலுக்கு வெளியே ஒரு மெழுகுவத்தி

இந்தப் பித்தளைச் செம்பின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கிறது. கோழியைத் துரத்திய நாயின் மேல் என் மாமியார் வீசியதில் விழுந்தது. நாயும் தப்பித்தது, கோழியும் தப்பித்தது. அடிபட்டது அன்னூரில் என் பிறந்த வீட்டிலிருந்து எனக்குச் சீராக வந்த செம்புதான். நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. என் தலைச்சன் குழந்தைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியதும் இதே செம்பிலிருந்துதான். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

சூலூர்ப் பக்கம் எங்கள் ஊர். தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டிலேயே பிரசவம். குழந்தை அழவில்லை. நான் நினைவில்லாமல் கிடந்தேன். என் வீட்டுக்காரர் மாதா கோயில் சாமியாரை அழைக்கச் சைக்கிளில் ஓடினார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் உயிர் இருக்க வேண்டும். மாமியார் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் சொல்லித் தண்ணீர் ஊற்றி, மரியாள் என்று பெயரும் வைத்துவிட்டார்.

சாமியார் வந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. மாமியாரிடம் கேட்டாராம்: "தண்ணி ஊத்தறப்ப உசுரு இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சுங்க சாமி. வெரலு அசைஞ்சுதுங்க."

அந்த ஒரு வார்த்தையால் மரியாள் கல்லறைத் தோட்டத்துக்குள் சிலுவையோடு அடக்கமானாள். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள். மோட்சத்தில் அவர்களைப் பார்க்க முடியாது என்றும் பேசிக்கொள்வார்கள். என் பிள்ளையை என்றாவது பார்ப்பேன் என்று நான் தேறியது அந்த வார்த்தையில்தான்.

கல்லறைத் திருநாள்தோறும் செவ்வந்திப் பூவோடு போவோம். மரியாளுக்கு மெழுகுவத்தி ஏற்றியபின், மாமியார் மட்டும் மதிலைச் சுற்றிப் போய், காற்று அணைக்காதபடி இந்தச் செம்புக்குள் இன்னொன்றை ஏற்றி வைப்பார்.

"அங்க யாருக்குங்க அத்தை?"

"யாரோ பெத்த புள்ளைகளுக்கு அம்மணி. அதுகளுக்குன்னு யாரு வாரா?"

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது, கஞ்சி கொடுத்த என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி, அன்னைக்கு வெரலு அசைஞ்சுது, மெய்தான். ஆனா நடுங்குனது கொழந்தையோட வெரலா, அதப் புடிச்சிருந்த என்ற கையான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல."

அவர் போனபின் இந்தச் செம்பும் அந்த மெழுகுவத்தியும் என் பொறுப்பு. மதில் எப்போதோ போய்விட்டது. தோட்டத்தைப் பெரிதாக்க இடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் இப்போது உள்ளேதான். நர்ஸாக இருக்கும் பேத்தி சொல்வாள்: "பச்சக் கொழந்தைக்கு மதிலு கட்டற சாமியா அம்மிச்சி நம்ம சாமி?" புத்திக்கு அது சரியென்றே படுகிறது. பொக்கை வாயால் சிரித்து ஆமாம் என்பேன். கால் மட்டும் பழைய மதில் இருந்த இடத்தில் தானாக நிற்கும்.

இந்த வருஷமும் நின்றது. மெழுகுவத்தி நிறுத்திய செம்பைத் தரையில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன். பேத்தி குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அம்மிச்சி, கை இப்பிடி நடுங்குது?"

"என்றதா கண்ணு? உன்றதுன்னில்ல நெனச்சேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். செம்புக்குள் திரி பற்றிக்கொண்ட பிறகும் நாங்கள் கையை விடவில்லை.